மணலில் கற்கும் சின்ன அடி

கல்லூரி மலருக்கு விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுத் தங்கைகள் கேட்டபோது, அவர்கள் வலைப்பந்தாட்டத்தையோ எல்லேயையோதான் எதிர்பார்த்திருப்பார்கள். நான் எழுதப்போவது கோல்ஃப் பற்றி. அதிலும் முழு ஆட்டத்தைப் பற்றியன்று. பந்து குழிக்கு அருகில் வந்த பிறகு ஆடப்படும் சின்ன அடிகளைப் பற்றி மட்டும்.

நான் இக்கல்லூரியின் பழைய மாணவி. வீடு புல்மோட்டை. கற்பிப்பது கொக்கிளாயில், உடற்கல்வி. இரண்டுக்கும் நடுவில் களப்பு கிடக்கிறது. ஒரு கரை திருகோணமலை மாவட்டம், மறுகரை முல்லைத்தீவு. நான் காலையில் தோணியில் கடந்து, மாலையில் தோணியில் திரும்புகிறவள். இந்த ஊரில் கோல்ஃப் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். டுபாயிலிருந்து வந்தது. சாச்சாவின் மகன் அங்கே ஒரு கோல்ஃப் திடலில் புல் பராமரிக்கும் வேலையில் இருந்தார். ஊருக்கு வந்தபோது, அங்கே கழித்துப் போட்ட மட்டைகள் மூன்றையும் ஒரு பை நிறையப் பழைய பந்துகளையும் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் என்று நினைத்துத்தான் கொண்டுவந்தாராம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோல்ஃப் வசதி படைத்தோரின் விளையாட்டு என்ற பேச்சு பொய்யல்ல. நம் நாட்டில் அது வெள்ளைக்காரர்களால் தொடங்கப்பட்டது. 1879இல் கொழும்பில் கழகம் உருவாகி, காலிமுகத்திடலில் ஆடினார்கள். பின்னர் பொரளைப் பக்கம் போனார்கள். 1928இல் அதற்கு ‘றோயல்’ பட்டம் கிடைத்தது. களனிவெளிப் புகையிரதம் இன்றும் அந்தத் திடலின் நடுவே போகிறது. நுவரெலியாத் திடல் 1889இல் தொடங்கியது. பிறகு திகனைக்கு அருகே விக்டோரியா, அம்பாந்தோட்டையில் ஒன்று, நமக்குப் பக்கத்தில் சீனக்குடாவில் விமானப்படையினர் நடத்துவது ஒன்று. வன்னியில் ஒன்றும் இல்லை. இருக்க வேண்டும் என்று நான் கேட்கவும் மாட்டேன். பதினெட்டுக் குழிகள் உள்ள திடலுக்கு நூறு ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். அதற்கு நாள்தோறும் தண்ணீர் வேண்டும். கொக்கிளாய் மக்கள் 1984இல் ஊரை விட்டுப் போய், யுத்தம் முடிந்த பின்னர்தான் திரும்பியவர்கள். அவர்கள் முன்னிலையில் காணி என்ற சொல்லை இலேசாகச் சொல்ல முடியாது.

ஆனால் சின்ன அடிக்கு நூறு ஏக்கர் தேவையில்லை. பாடசாலை முற்றத்தின் ஒரு மூலை போதும்.

கணக்கைப் பாருங்கள். பெரும்பாலான திடல்களில் ஒரு தேர்ந்த ஆட்டக்காரர் பதினெட்டுக் குழிகளையும் முடிக்க 72 அடிகள் என்று வைத்திருக்கிறார்கள். இந்த எண்ணிக்கையில், குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான தளத்தில் பந்தை உருட்டுவதற்கென்று குழிக்கு இரண்டு அடிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. அதாவது 36. சரிபாதி! இந்த உருட்டும் அடிக்குப் ‘பட்’ என்று பெயர். தளத்துக்கு வெளியே சில மீற்றர் தூரத்திலிருந்து தட்டும் அடிகளையும் சேர்த்தால், பாதிக்கு மேற்பட்ட ஆட்டம் குழியைச் சுற்றியே நடக்கிறது. தொலைக்காட்சியில் ஓங்கி அடிப்பதைத்தான் காட்டுவார்கள். முந்நூறு யார் பறந்த அடியும் ஒன்றுதான், ஒரு சாண் உருண்ட அடியும் ஒன்றுதான். கணக்கெழுதும் அட்டைக்கு வித்தியாசம் தெரியாது.

இதற்குச் சாட்சியாக ஒரு பெண்ணைச் சொல்கிறேன். பெங்களூரில் பிறந்த அதிதி அசோக். 2021 ஆகஸ்டில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் பெண்கள் கோல்ஃபில் 60 பேர் ஆடினார்கள். தூரம் அடிப்பதில் அதிதி கடைசி வரிசையில் நின்றவர். அந்த ஆண்டு கொரோனா வந்து உடம்பு மெலிந்தும் இருந்தார். மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தவர் அவருடைய தாய். நான்கு நாட்களும் உருட்டும் அடியில் அவரை விஞ்ச ஆளில்லை. முடிவில் நான்காம் இடம். வெண்கலத்துக்கு ஒரேயொரு அடி குறைவு. உலகின் முதல்தர வீராங்கனை அவரைவிட இரண்டே அடிகள் முன்னே முடித்துத் தங்கம் வாங்கினார். பலத்தில் இருந்த இடைவெளியை எல்லாம் அந்தப் பிள்ளை குழிக்கு அருகில் வந்துதான் நிரப்பினாள்.

இனி மணலுக்கு வருகிறேன். கோல்ஃபுக்குப் புல்வெளி வேண்டுமே, கொக்கிளாயில் கடற்கரை மணல்தானே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் இந்த விளையாட்டு வளர்ந்ததே கடற்கரை மணலில்தான். ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையில், கடலுக்கும் வயலுக்கும் நடுவே பயிர்செய்ய உதவாத மணற்பாங்கான மேட்டு நிலம் கிடக்கும். அதற்கு அவர்கள் ‘லிங்க்ஸ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அங்கே ஆட்டிடையர்களும் மீனவர்களும் நடந்துபோன பாதைகளே ஆடும் பாதைகளாயின. கடற்காற்றுக்கு ஒதுங்கி ஆடுகள் படுத்துப் பறித்த பள்ளங்களே பிற்காலத்து மணல்குழிகளாயின என்று சொல்வார்கள். சாதாரண சனங்கள் இதில் மூழ்கி அம்பெய்யும் பயிற்சியை விட்டுவிட்டார்கள் என்று 1457இல் ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் விளையாட்டையே தடைசெய்தது. வளைகுடா நாடுகளிலும் புல் வருவதற்கு முன்னர், மணலில் எண்ணெய் கலந்து இறுக்கிய தளத்தில்தான் ஆடினார்கள். அங்கே ஆடுபவர் கையில் ஒரு சின்னப் புல்விரிப்புத் துண்டு இருக்கும். பந்தை அதன் மேல் வைத்து அடித்துவிட்டு, துண்டைத் தூக்கிக்கொண்டு நடப்பார். சாச்சாவின் மகன் அங்கே பழைய ஆட்கள் சொல்லக் கேட்டு வந்து எனக்குச் சொன்ன செய்தி இது. அந்தத் துண்டுக்குப் பதிலாகத்தான் நாங்கள் தும்புக் கால்மிதியைப் பயன்படுத்துகிறோம்.

மணலில் கற்றவர்களில் பெரியவர் ஸ்பெயின் நாட்டின் செவே பயெஸ்தெரோஸ். 1957இல் பெத்ரேன்யா என்ற கடற்கரைச் சிற்றூரில் பிறந்தார். சிறுவனாக இருந்தபோது அவருக்குக் கிடைத்தது ஒரேயொரு மட்டை: மூன்றாம் எண் இரும்பு. அது பந்தைத் தாழ்வாகவும் தூரமாகவும் அனுப்புவதற்கென்று செய்யப்பட்டது. உயரத் தூக்கும் அடிக்கு அது ஏற்றதே அல்ல. அவர் அதையே கடற்கரையில் வைத்துக்கொண்டு, முகத்தைத் திறந்தும் மூடியும், கையைத் தாழ்த்தியும் உயர்த்தியும், எல்லா அடிகளையும் கற்றார். 1976இல், 19 வயதில், பிரித்தானிய ஓபன் போட்டியின் கடைசிக் குழியில் இரண்டு மணல்குழிகளுக்கு நடுவே இருந்த ஒடுங்கிய வழியால் பந்தைத் தரையோடு ஓடவிட்டு, இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். பந்தை அந்தரத்தில் தூக்கி மணல்குழியைத் தாண்டுவார் என்றுதான் பார்த்தவர்கள் எதிர்பார்த்தார்கள். பின்னர் அதே போட்டியை மூன்று முறை வென்றார். ஒரு மட்டை போதுமா என்று கேட்கும் பிள்ளைக்கு நான் இவர் கதையைத்தான் சொல்வேன்.

சரி, எப்படிக் கற்பது?

முதல் வாரம் மட்டையே கிடையாது. பிள்ளைகள் வட்டமாக வளைத்த கயிற்றைத் தரையில் போட்டு, ஏழெட்டு மீற்றர் தள்ளி நின்று பந்தைக் கையால் கீழ்வீச்சாக விடுவார்கள். ஒரு முறை உருட்டி, ஒரு முறை பாதி பறந்து பாதி உருளும்படி, ஒரு முறை உயரப் போய் விழுந்த இடத்திலேயே நிற்கும்படி. போளை விளையாடிய பிள்ளைக்கு இதில் சொல்லிக்கொடுக்க அதிகம் இல்லை. ஆனால் இந்த மூன்று வீச்சுகளும்தான் சின்ன ஆட்டத்தின் மூன்று அடிகள்: பட், சிப், பிட்ச். கைக்குத் தெரிந்ததை மட்டைக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் மிச்ச வேலை.

உருட்டும் அடியை விரைவாகச் சொல்லிவிடலாம். குழியின் விட்டம் 108 மில்லிமீற்றர். சிறிய பால்மா டின் ஒன்றைப் புதைத்தால் ஏறக்குறைய அதே அளவு. பந்தின் விட்டம் 42.67 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது, எடை 45.93 கிராமுக்கு மேற்படக்கூடாது. பட்டர் என்னும் தட்டையான முகமுள்ள மட்டையைப் பிடித்து, தோள்கள் மட்டும் ஊஞ்சல்போல் ஆட, மணிக்கட்டு மடங்காமல் தள்ள வேண்டும். கற்பவர்கள் திசையைப் பற்றியே கவலைப்படுவார்கள். உண்மையில் தூரந்தான் முக்கியம். ஆறு மீற்றரிலிருந்து திசை தவறினாலும் ஒரு முழந்தான் விலகும். வேகம் தவறினால் இரண்டு மீற்றர் தாண்டிப்போய் நிற்கும். எங்கள் தளம், அலை வாங்கிப்போன பிறகு இறுகிக் கிடக்கும் ஈர மணற்பட்டி. அது முழுக்கக் கடலை நோக்கிச் சரிவு. ஆகவே எந்தப் பந்தும் நேரே போகாது, கடல்பக்கம் வளையும். எவ்வளவு வளையும் என்று கணித்து மேட்டுப் பக்கமாகக் குறிவைக்க வேண்டும். புல்தளத்தில் இதைக் கண்ணால் ஊகிக்கத்தான் முடியும். ஈர மணலில் பந்து போன தடம் அப்படியே கோடாக விழுந்து கிடக்கும். எங்கே வளையத் தொடங்கியது, எங்கே வேகம் செத்தது என்று குனிந்து வாசிக்கலாம். மணல் ஒரு கொப்பி மாதிரி. செய்ததை எழுதி வைத்துவிடும். திடலில் பயிலும் பணக்காரப் பிள்ளைக்கு இந்த வசதி இல்லை.

அடுத்தது சிப். தளத்துக்கு வெளியே இரண்டு மூன்று மீற்றர் தள்ளிப் பந்து கிடக்கிறது. உருட்டினால் இடையிலுள்ள கரடுமுரடில் மாட்டும். ஆகவே கரட்டைத் தாண்டும் அளவுக்கு மட்டும் பறக்கவிட்டு, மிச்சத்தை உருளவிடுவது. கால்கள் நெருங்கி நிற்க வேண்டும். வலதுகைப் பழக்கமுள்ளவருக்கு உடம்பின் பாரம் இடக்காலில். பந்து நடுவிலிருந்து சற்று வலப்பக்கம், கைகள் பந்துக்குச் சற்று முன்னே. பிறகு பட்டரால் தள்ளுவது போலவே ஓர் ஊசலாட்டம். பறக்கும் தூரத்துக்கும் உருளும் தூரத்துக்கும் உள்ள பங்கு மட்டையைப் பொறுத்தது. சமதளத்தில் ஏறத்தாழ இப்படி: அதிகம் சாய்ந்த முகமுள்ள மணல்மட்டையில் பறப்பது ஒரு பங்கு என்றால் உருள்வதும் ஒரு பங்கு. அதைவிடக் குறைவாகச் சாய்ந்த பிட்சிங் வெட்ஜில் ஒன்றுக்கு இரண்டு. ஏழாம் எண் இரும்பில் ஒன்றுக்கு நான்கு. இது தெரிந்துவிட்டால் அடியை மாற்றத் தேவையில்லை. அதே அடியை வேறு மட்டையால் அடித்தால் போதும். கச்சான் வீசும் மாதங்களில் நாங்கள் ஏழாம் எண்ணைத்தான் எடுப்போம். தாழப் போகும் பந்தைக் காற்று அவ்வளவாகத் தொடாது.

இந்த இடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே காரியத்தைச் செய்வார்கள். பந்து மேலே எழும்ப வேண்டும் என்று நினைத்து, மட்டையால் அதைக் கரண்டிபோல் அள்ளப் பார்ப்பார்கள். மட்டை பந்துக்கு முன்னாலேயே மண்ணில் குத்தும். அல்லது பந்தின் உச்சியில் பட்டுப் பந்து தரையோடு பாயும். எழுப்பும் வேலை உங்களுடையது அல்ல, மட்டையின் சாய்ந்த முகத்தினுடையது. நீங்கள் கீழ்நோக்கி அடித்தால்தான் அது மேலே போகும். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆகவே பந்தை எடுத்துவிட்டு, ஈர மணலில் விரலால் ஒரு கோடு கீறி, அந்தக் கோட்டை வைத்து வெறும் மட்டையை வீசச் சொல்வேன். மணலில் பட்ட தழும்பு கோட்டிலோ அதற்கு முன்பக்கத்திலோ தொடங்க வேண்டும். பின்பக்கத்தில் தொடங்கினால் அள்ளியிருக்கிறீர்கள். பத்து வீச்சுக்குப் பத்துத் தழும்பு. ரீச்சர் சொல்லத் தேவையில்லை, பிள்ளையே பார்த்துத் திருத்திக்கொள்ளும். தழும்பு முன்னே வந்த பிறகு கோட்டில் பந்தை வைத்தால், தானாக எழும்பும்.

பிடியைப் பற்றியும் இங்கேயே சொல்கிறேன். களப்பு நண்டைப் பின்பக்கமாகப் பிடிப்பது இங்குள்ள பிள்ளைகளுக்குத் தெரியும். தளர்த்தினால் கடிக்கும், நெரித்தால் கால் முறியும். மட்டைக்கும் அந்தப் பிடிதான்.

பிட்ச் என்பது இருபது, முப்பது மீற்றரிலிருந்து உயரப் போய் மெதுவாக விழும் அடி. கொஞ்சம் உடம்பு திரும்ப வேண்டும். வீச்சுவலை எறிபவர் கையால் மட்டும் எறிவதில்லை, இடுப்பால் திரும்பி எறிவார், அதேதான். தூரத்தைக் கூட்டவும் குறைக்கவும் பலத்தை மாற்றக்கூடாது, பின்னே தூக்கும் அளவை மாற்ற வேண்டும். கடிகார முகத்தை மனதில் வைத்து இடக்கை ஏழரை மணிக்கு, ஒன்பது மணிக்கு, பத்தரை மணிக்கு என்று மூன்று அளவுகள் பழகுவார்கள். ஒவ்வொரு அளவுக்கும் பந்து எங்கே விழுகிறது என்று கால்தப்படியால் அளந்து எழுதிக்கொள்வது மாணவியின் வேலை. கணிதப் பாடத்தில் வரைபு கீறுவதற்கு இதைவிட நல்ல தரவு கிடைக்காது என்று எங்கள் கணித ஆசிரியர் அந்தக் கொப்பியை இரவல் வாங்கிப் போனார்.

மிச்சம் இருப்பது மணல்குழி. ஆங்கிலத்தில் அதற்கு என்ன பெயர் என்று எல்லோருக்கும் தெரியும்: பங்கர். முதல் நாள் அந்தச் சொல்லைத்தான் நானும் சொன்னேன். பிள்ளைகள் ஒன்றும் நினைக்கவில்லை. வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த தாய் ஒருவர், “பங்கருக்குள்ள நிண்டு பந்து அடிக்கிறதோ, ரீச்சர்?” என்று கேட்டார். சிரிக்கவில்லை, கேலியும் இல்லை. வன்னியில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். பிள்ளைகளை அணைத்துக்கொண்டு எத்தனை இரவுகள் அதற்குள் இருந்தாரோ. அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் அது மணல்குழிதான்.

கோல்ஃபின் மற்ற எல்லா அடிகளிலும் மட்டை பந்தைத் தொடும். மணல்குழி அடியில் மட்டும் தொடக்கூடாது. பந்துக்கு ஐந்து சென்ரிமீற்றர் பின்னால் மணலில் மட்டை நுழைந்து, பந்துக்கு அடியால் போய், முன்னால் வெளியே வர வேண்டும். மணல்தான் பந்தைத் தூக்கி வெளியே போடும். ஒரு பணத்தாளின் நீளத்துக்கு மெல்லிய மணல் ஏடு ஒன்றைப் பந்தோடு சேர்த்துப் பெயர்ப்பதாக நினைத்துக்கொண்டால் சரியாக வரும். பாதங்களை மணலில் கொஞ்சம் புதைத்து நிற்க வேண்டும், மட்டையின் முகத்தை வானம் பார்க்கத் திறக்க வேண்டும், அடித்த பிறகு பாதியில் நிறுத்தக்கூடாது. பயந்து நிறுத்துகிறவரின் பந்துதான் குழிக்குள்ளேயே கிடக்கும். போட்டியென்றால், அடிப்பதற்கு முன்னர் மட்டையைப் பந்துக்குப் பின்னால் மணலில் ஊன்றுவதற்கும் அனுமதியில்லை. முடிந்ததும் மணலை வாரிச் சமப்படுத்திவிட்டு வர வேண்டும்.

இந்த அடிக்கென்று தனி மட்டை செய்து பிரபலமாக்கியவர் ஜீன் சரசன் என்ற அமெரிக்கர். அதுவரை மணலுக்குள் இருந்த மட்டைகளின் விளிம்பு கத்திபோல் இறங்கிப் புதைந்தது. விமானம் மேலெழும்போது அதன் வால்பகுதி தாழ்வதைப் பார்த்து யோசனை வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். மட்டையின் அடிப்பாகத்தில், பின்விளிம்பில், பற்றாசை உருக்கி ஒட்டிக் கனமாக்கினார். இப்போது முன்விளிம்பு உயர்ந்து, பின்புறம் முதலில் மணலில் பட்டது. மட்டை புதையாமல் தோணியின் அடிபோல் வழுக்கிக்கொண்டு போனது. 1932இல் அந்த மட்டையோடு போய்ப் பிரித்தானிய ஓபனை வென்றார். இன்று எல்லாப் பைகளிலும் அது இருக்கிறது.

எங்கள் கரையில் இரண்டு வகை மணல் உண்டு. ஒன்று வெண்மணல். மற்றது புல்மோட்டையிலிருந்து கொக்கிளாய்ப் பக்கம்வரை கிடக்கும் கருமணல், இல்மனைட். வெண்மணலின் பெரும்பகுதியான குவாட்ஸ் தண்ணீரைப்போல் ஏறத்தாழ 2.65 மடங்கு கனம், இல்மனைட் 4.7 மடங்கு. கையில் அள்ளினாலே தெரியும். காய்ந்த வெண்மணலில் முகத்தை நன்றாகத் திறந்து அடித்தால் மணல் புகைபோல் எழும்பிப் பந்து வரும். கருமணல் படிந்து ஈரமாகிக் கிடக்கும் இடத்தில் அதே அடியை அடித்தால் மட்டை தெறிக்கும். பந்து தலைக்குமேல் பாயும். அங்கே முகத்தை அவ்வளவு திறக்காமல், வீச்சைச் சுருக்கி, கொஞ்சம் செங்குத்தாக இறக்க வேண்டும். உலகின் நல்ல திடல்களில் ஒரே தரமான வெண்மணலைக் கொட்டிவைத்திருப்பார்கள். இருவகை மணலிலும் பழகிய பிள்ளைக்கு அது எளிதாகத்தான் இருக்கும்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள். எங்கள் விதிகளில் முதலாவது: பற்றைக்குள் போன பந்து போனதுதான். தேடிப் போகக் கூடாது. மிதிவெடி அகற்றிய நிலம் என்றாலும், நாள்தோறும் சனங்கள் நடக்கும் கரையை விட்டு ஒரு காலடி வைக்க நான் விடமாட்டேன். நீண்ட அடிகளை நான் கற்பிக்காததற்கு இதுவே முதற்காரணம். இரண்டாவது: களப்பை நோக்கி அடிப்பதில்லை. 1951இலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. நீரில் விழுந்த பந்து உக்கிப் போகாது. பின்னால் பழைய மீன்வலை ஒன்றைக் கட்டி, அதை நோக்கித்தான் ஆடுகிறோம். மூன்றாவது: ஒருவர் வீசும்போது மற்றவர்கள் அவருக்குப் பின்னால், மட்டை எட்டாத தூரத்தில்.

உடை பற்றிச் சில உம்மாமார் கேட்டார்கள். இது ஓடிப் பாயும் விளையாட்டு அல்ல, நடக்கும் விளையாட்டு. முழுக்கைச் சட்டையும் ஹிஜாபும் எந்த அடிக்கும் தடையில்லை. நான் அப்படித்தான் ஆடுகிறேன். முஸ்லிம் நாடொன்றின் பெண் பெரிய மேடைக்குப் போயிருக்கிறாரா என்றால், மொரொக்கோவின் மஹா ஹதியூயி 2016 றியோவிலும் டோக்கியோவிலும் ஒலிம்பிக்கில் ஆடியிருக்கிறார். நம் நாட்டிலும் தங்கராஜா, பிரபாகரன் என்ற பெயர்களில் தமிழ் பேசும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். இந்தியத் தொடர்களிலும் ஆடுகிறவர்கள்.

எங்கள் பிள்ளைகள் அங்கெல்லாம் போவார்கள் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஒன்றை மட்டும் சொல்லலாம். தரம் 9இல் ஒரு பிள்ளைக்குத் தொய்வு வருத்தம். ஒவ்வோர் ஆண்டும் இல்ல விளையாட்டுப் போட்டியன்று கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்பையும் தண்ணீர்ப் போத்தலையும் காத்துக்கொண்டிருப்பாள். உடற்கல்வி ரீச்சர்மார் எல்லோருக்கும் அப்படியொரு பிள்ளையைத் தெரியும். ஓட்டமும் பாய்ச்சலும் மட்டுமே விளையாட்டு என்று நாங்கள் வைத்திருப்பதால் உட்கார்ந்திருப்பவள் அவள். கயிற்று வட்டத்துக்குள் பந்தை நிறுத்துவதில் இன்று அவளை யாரும் வெல்வதில்லை. பத்துக்கு ஏழு, சில நாட்களில் எட்டு. பந்து தரையைத் தொடும் சத்தத்தைக் கேட்டே எங்கே நிற்கும் என்று சொல்வாள். அவளுடைய தாய் கருவாட்டு வாடியில் வேலை. மகள் கடற்கரையில் என்ன செய்கிறாள் என்று பார்க்க ஒருநாள் வந்தவர், தானும் பட்டரைக் கேட்டு வாங்கி மூன்று பந்து உருட்டிவிட்டுத்தான் போனார்.

மாரி தொடங்கி வாடைக்காற்று அடிக்கும்போது ஈர மணற்பட்டி அலைக்குள் போய்விடும். தை பிறந்து கடல் அடங்கும்வரை பயிற்சி இல்லை. அந்த மாதங்களில் பாடசாலை மண்டபத்தில் சாக்கை விரித்து உருட்டும் அடி மட்டும் நடக்கும். வந்த பந்துகளில் கால்வாசியைப் பற்றை விழுங்கிவிட்டது. மட்டைகள் இன்னும் அதே மூன்றுதான், மூன்றும் வலதுகைக்காரருக்கு உரியவை. இரண்டு பிள்ளைகள் இடதுகைப் பழக்கமுள்ளவர்கள். அவர்கள் இப்போதைக்கு ஏழாம் எண்ணைத் தலைகீழாகத் திருப்பி, அதன் முனையால் தட்டுகிறார்கள். கொழும்பிலோ வளைகுடாவிலோ உறவினர் உள்ளவர்கள், இடதுகை வெட்ஜ் ஒன்று கழிவில் கிடைத்தால் கல்லூரி அலுவலகத்தில் என் பெயருக்கு ஒப்படைத்துவிடுங்கள். பிடி கழன்றிருந்தாலும் பரவாயில்லை. சைக்கிள் ரியூப் சுற்றிச் சரிசெய்துகொள்வோம்.